எம்.பி. நெகட்டிவ் என்றால் மலேரியா இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

நீங்கள் எழுதியதை ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். 12 வயது மகனுக்குக் குளிர்க்காய்ச்சல். இரண்டாம் நாள் காலையில் பக்கத்துத் தெரு கலெக்‌ஷன் சென்டரில் ரத்தம் கொடுத்தீர்கள். ராத்திரி வந்த ரிப்போர்ட்டில் எம்.பி. ஸ்மியர் (ரத்தத்தை ஸ்லைடில் தடவி மைக்ராஸ்கோப்பில் மலேரியா ஒட்டுண்ணியைத் தேடுவது; எம்.பி. என்றால் மலேரியா பாரசைட்) நெகட்டிவ், கார்டு டெஸ்டும் நெகட்டிவ். பிளேட்லெட் குறைந்திருந்ததால் டெங்குவாக இருக்கலாம் என்றார்கள். ஐந்தாம் நாளும் காய்ச்சல் விடவில்லை. வேறு லேபில் கியூ.பி.சி. என்ற இன்னொரு வகை ரத்தப் பரிசோதனை பார்த்ததில் மலேரியா பாசிட்டிவ். முதல் லேப் ரத்தத்தைப் பார்க்காமலேயே ரிப்போர்ட் அடித்துக் கொடுத்துவிட்டதா, இரண்டில் எதை நம்புவது என்று கேட்கிறீர்கள்.

இந்தக் கோபத்துக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது, அதுதான் முக்கியமானது. லேப் நெகட்டிவ் என்று சொன்னால் உடம்பில் மலேரியா இல்லை என்று நம்பலாமா? ஒரே ஒரு முறை பார்த்ததை வைத்து நம்பக் கூடாது. நேர்மையான, திறமையான லேப் கொடுத்த நெகட்டிவாக இருந்தாலும் கூடாது. ஏன் என்று கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் சென்னையில் இருபத்தாறு வருடமாக மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கும் லேப் டெக்னீஷியன். அதில் பாதிக் காலம் மலேரியா ஸ்லைடு பார்ப்பதே தினசரி வேலையாக இருந்தது. டாக்டர் இல்லை. அதனால் மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. உங்கள் மகனின் ஸ்லைடையும் நான் பார்க்கவில்லை. அதனால் முதல் லேபில் என்ன நடந்தது என்று தீர்ப்பு சொல்ல என்னால் முடியாது. என்னவெல்லாம் நடந்திருக்கலாம் என்று மட்டும் சொல்ல முடியும்.

முதலில் ஒரு கணக்கு. மலேரியாவுக்கு ஒரே ஸ்லைடில் இரண்டு விதமாக ரத்தம் தடவுவோம். ஒன்று தடித்த தடவல்: ஒரு சிறு துளியை வட்டமாகப் பரப்பிக் காய விடுவது. கீழே செய்தித்தாளை வைத்தால் எழுத்து மங்கலாகத் தெரிய வேண்டும், அதுதான் சரியான கனம். இன்னொன்று மெல்லிய தடவல்: வேறொரு ஸ்லைடின் விளிம்பால் ரத்தத்தை நாக்கு வடிவத்தில் ஒரே இழுப்பாக இழுப்பது. மெல்லியதை மெத்தனாலில் நனைத்துப் பதப்படுத்துவோம், அதில் சிவப்பணுக்கள் முழுசாக இருக்கும். தடித்ததைப் பதப்படுத்த மாட்டோம். சாயம் ஊற்றும்போது சிவப்பணுக்கள் கரைந்துபோய் வெள்ளையணுவும் ஒட்டுண்ணியும் மட்டும் மிஞ்சும். ரத்தம் பல அடுக்காக இருப்பதால் ஒட்டுண்ணியைத் தேடிப் பிடிக்கத் தடித்த தடவல். அது எந்த வகை என்று அடையாளம் காண மெல்லியது.

தடித்த தடவலில் எண்ணெய் லென்ஸ் போட்டுக் குறைந்தது 100 களங்கள் பார்த்த பிறகுதான் நெகட்டிவ் எழுத வேண்டும் என்பது விதி. களம் என்றால், லென்ஸுக்குள் ஒரு நேரத்தில் தெரியும் வட்டம். நூறு களம் பார்த்தால் எவ்வளவு ரத்தம் பார்த்ததாகும் தெரியுமா? ஏறக்குறைய கால் மைக்ரோலிட்டர் (ஒரு லிட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோலிட்டர்). விரல் நுனியில் நிற்கும் ஒரு சொட்டை இருநூறு பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. உங்கள் மகன் உடம்பில் இரண்டரை லிட்டர் ரத்தம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மைக்ரோலிட்டருக்குப் பத்து ஒட்டுண்ணி இருந்தால் மொத்தம் இரண்டரைக் கோடி. ஆனால் நான் பார்க்கும் அந்தக் கால் மைக்ரோலிட்டரில் இருப்பது இரண்டோ மூன்றோதான். சாயம் போட்டுக் கழுவும்போது அதிலும் சிலது போய்விடும். உடம்பில் கோடிக்கணக்கில் இருக்க, ஸ்லைடில் ஒன்றுகூடக் கண்ணில் படாமல் போவது இப்படித்தான். நல்ல தேர்ச்சி உள்ள கண், நல்ல ஸ்லைடு, நிதானமான நேரம் மூன்றும் சேர்ந்தால் மைக்ரோலிட்டருக்கு ஐந்து, பத்து என்ற அளவில்கூடப் பிடிக்கலாம். சாதாரண வேலை நெருக்கடியில் ஐம்பது முதல் நூறு வரை இருந்தால்தான் உறுதியாகப் பிடிபடும்.

சரி, காய்ச்சல் வரும் அளவுக்கு இருந்தும் ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். கொசு கடித்ததும் ஒட்டுண்ணி நேராகக் கல்லீரலுக்குப் போய் ஒரு வாரமோ அதற்கு மேலோ அங்கேயே பெருகுகிறது. அந்தச் சமயத்தில் ரத்தத்தில் ஒன்றும் இருக்காது, காய்ச்சலும் இருக்காது. பிறகுதான் ரத்தத்துக்கு வந்து சிவப்பணுக்குள் புகுகிறது. முன்பு மலேரியா வந்து பழகாத உடம்பு, குறிப்பாகப் பிள்ளைகள், ரத்தத்தில் மிகக் குறைவாக இருக்கும்போதே காய்ச்சலில் விழுந்துவிடுவார்கள். மலேரியா ஒட்டுண்ணி வகைகளில் ஒன்றான வைவாக்ஸ், வயசான சிவப்பணுக்களை விட்டுவிட்டுப் புதிதாகப் பிறந்த இளம் அணுக்களைத்தான் தேடிப் போகும். அதனால் அதன் எண்ணிக்கை பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். இரண்டாம் நாளில் எடுத்த உங்கள் மகனின் ரத்தத்தில் உண்மையிலேயே பிடிபடாத அளவுக்குக் குறைவாக இருந்திருக்கலாம். ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும் இரண்டு ரிப்போர்ட்டும் அந்தந்த நாளில் சரியாகவே இருந்திருக்க வாய்ப்பு உண்டு.

அதனால்தான் சந்தேகம் இருந்தால் 12 மணி முதல் 24 மணி நேர இடைவெளியில் திரும்பத் திரும்ப, மொத்தம் மூன்று முறை பார்க்கச் சொல்கிறார்கள். இது லேப் பணம் பிடுங்கும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குளிர் ஏறும்போது எடுத்தால்தான் தெரியும் என்று பழைய ஆட்கள் சொல்வதையும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். சந்தேகம் வந்த நிமிடமே எடுத்துவிட்டு, இல்லையென்றால் மறுநாள் இன்னொன்று எடுப்பதுதான் நல்லது.

இதுவரை சொன்னது யார் மேலும் குற்றம் இல்லாமல் நெகட்டிவ் வரும் வழி. வேலையில் குறை இருந்து வரும் வழிகளும் இருக்கின்றன, அதையும் மறைக்க விரும்பவில்லை.

முதல் குறை, தடித்த தடவலே போடாமல் இருப்பது. நிறைய தனியார் லேப்களில் ரத்த அணுக்களைப் பார்க்க எப்படியும் மெல்லிய ஸ்மியர் போடுவார்கள். மலேரியா கேட்டால் அதே ஸ்மியரை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு ‘எம்.பி. நாட் சீன்’ என்று எழுதிவிடுவது உண்டு. மெல்லியதை மட்டும் பார்த்தால் தடித்ததில் கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு ரத்தத்தைக்கூடப் பார்த்ததாகாது. தடித்த தடவல் போடத் தயங்குவதற்கும் காரணம் உண்டு. அது தானாகக் காய வேண்டும். சூடு காட்டினால் ரத்தம் இறுகிப்போய்ச் சாயம் ஏறாது. மழைக்காலத்து ஈரத்தில், அதாவது மலேரியா வரும் காலத்தில், காய்வதற்கு மணிக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டுச் சாயம் ஊற்றினால் தோலாக உரிந்து தண்ணீரோடு போய்விடும். திறந்து வைத்தால் ஈயும் கரப்பானும் ரத்தத்தைத் தின்றுவிடும். இதற்கெல்லாம் பொறுமை வேண்டும், மாலை ஆறு மணிக்குள் ரிப்போர்ட் கேட்கும் இடத்தில் அந்தப் பொறுமைக்கு இடமில்லை.

இரண்டாவது, ரத்தம் பயணம் செய்வது. உங்கள் விஷயத்தில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். காலையில் எடுத்த ரத்தம் ரத்தம் உறையாமல் வைக்கும் ஊதா மூடி போட்ட ஈ.டி.டி.ஏ. டியூபில் உட்கார்ந்து, பைக்கில் மெயின் லேபுக்குப் போய், மாலையில் ஸ்மியர் ஆகியிருக்கும். மலேரியாவுக்கு விரலில் குத்திய உடனேயே ஸ்லைடில் தடவுவது சிறந்தது. டியூபில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் தடவிவிட வேண்டும். நேரம் ஆக ஆக ஒட்டுண்ணி உருக்குலையும், சிவப்பணுவின் வடிவம் மாறும், வகை சொல்ல உதவும் புள்ளிகள் மங்கும். ஒட்டுண்ணியின் ஆண் வித்தணுக்கள் (கொசுவுக்குள் போய் இனம் பெருக்கும் வடிவம்) தாங்கள் கொசுவின் வயிற்றுக்குள் வந்துவிட்டதாக எண்ணிச் சாட்டை போன்ற இழைகளை வீச ஆரம்பித்துவிடும். 1880-ல் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைனில் லாவரான் என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர் ஒரு படைவீரரின் ரத்தத்தில் முதன்முதலாகப் பார்த்து, இது உயிருள்ள ஜந்து என்று உறுதி செய்துகொண்டது இந்தச் சாட்டைகளைத்தான். அவருக்கு நோபல் பரிசு வரை கொண்டுபோன அதே காட்சி, இன்று ஒரு டெக்னீஷியனைக் குழப்பிவிடும் தொல்லை.

மூன்றாவது, சாயம். ரத்த அணுக்களைப் பார்க்கப் பயன்படுத்தும் லீஷ்மன் சாயத்தை வழக்கமாக 6.8 பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) உள்ள நீரில் கலப்பார்கள். மலேரியாவுக்கு 7.2 வேண்டும். இந்தச் சின்ன வித்தியாசத்தில் வைவாக்ஸின் அடையாளமான இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரியாமலே போய்விடும். மலேரியாவுக்குப் பயன்படும் இன்னொரு சாயமான ஜீம்சாவை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். நேற்றைய மிச்சத்தை ஊற்றினால் படிந்த துகள்கள் ஒட்டுண்ணி மாதிரியே பல்லிளிக்கும். அரசு மலேரியாத் திட்டத்தில் நாங்கள் பயன்படுத்தியது ஜே.எஸ்.பி. சாயம். ஜஸ்வந்த் சிங், பட்டாச்சார்ஜி என்ற இரண்டு இந்தியர்கள் 1944-ல் வெளியிட்டது. கரைக்க மெத்தனால் தேவைப்படாத, தண்ணீரில் கரையும் சாயம், நிமிடக் கணக்கில் வேலை முடியும். நாடு முழுக்கக் கோடிக்கணக்கான ஸ்லைடுகள் இதில்தான் நனைந்தன. இந்த இருவரின் பெயரும் வெளியே யாருக்கும் தெரியாமல் இருப்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

நான்காவது, கண். நல்ல மெல்லிய தடவலில் வைவாக்ஸைப் பார்த்தால் மறக்க முடியாது. பக்கத்துச் சிவப்பணுக்களைவிடப் பெருத்துப்போன ஓர் அணு, அதற்குள் நீலத்தில் கிழிந்த துணி போல ஓர் உடல், மாணிக்கம் பதித்த மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி, சுற்றிலும் தூவிவிட்ட இளஞ்சிவப்புப் பொடி. இன்னொரு வகையான பால்சிபாரம் அப்படி இல்லை. ரொம்ப மெல்லிய சின்ன மோதிரம், சில சமயம் ஓர் அணுவுக்குள் இரண்டு, சில சமயம் அணுவின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு. பிறகு பிறை நிலா வடிவ வித்தணு. அந்தப் பிறையைப் பார்த்துவிட்டால் சந்தேகமே இல்லை. ஆனால் பால்சிபாரம் வளர வளர மூளை, சிறுநீரகம் போன்ற உறுப்புகளின் நுண்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு ஓடும் ரத்தத்திலிருந்து மறைந்துவிடும். நோயாளி நினைவிழந்து கிடப்பார், ஸ்லைடில் நான்கைந்து மோதிரம்தான் இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம். ஒடிசாவில் கட்டட வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ஒருவரின் ஸ்லைடு இரவு பதினொரு மணிக்கு வந்தது. தடித்த தடவல் இன்னும் சரியாகக் காயவில்லை என்று மெல்லியதை மட்டும் பார்த்து நெகட்டிவ் எழுதிவிட்டேன். காலையில் எங்கள் மூத்த டெக்னீஷியன் அக்கா அந்தத் தடித்த தடவலைச் சாயம் போட்டுப் பார்த்தார். முதலில் அவர் காட்டியது ஒட்டுண்ணியையே அல்ல. ஒரு வெள்ளையணுவின் வயிற்றில் பழுப்பு நிறத்தில் பொடி கிடந்தது. “இது மலேரியா தின்னு போட்ட மிச்சம். இதைப் பார்த்தா எழுந்திரிக்காதே, தேடு” என்றார். எழுபது, எண்பது களம் தாண்டிய பிறகு மோதிரங்கள் கிடைத்தன. பால்சிபாரம். அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார், ஆனால் மருந்து ஏழெட்டு மணி நேரம் தாமதமானது என் கையெழுத்தால்தான். அதன் பிறகு நூறு களம் எண்ணாமல் நான் நெகட்டிவ் எழுதியதில்லை.

எதிர்ப் பக்கத் தவறும் உண்டு. சிவப்பணு மேல் ஒரு பிளேட்லெட் உட்கார்ந்துவிட்டால் பழகாத கண்ணுக்கு மோதிரம் மாதிரியே இருக்கும். பாசிட்டிவ் என்று எழுதி, இல்லாத மலேரியாவுக்கு மருந்து கொடுத்ததும் நடந்திருக்கிறது. இதோடு சேர்ந்ததுதான் விடால் கதை. காய்ச்சல் என்றதும் எம்.பி.யோடு, டைபாய்டுக்கான ரத்தப் பரிசோதனையான விடாலும் எழுதிக் கொடுப்பார்கள். மலேரியா உள்ள ஆளுக்கு விடால் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டுவது தெரிந்த விஷயம். அதை வைத்து டைபாய்டு என்று ஊசி போட்டு ஒரு வாரம் கழித்துவிடுவார்கள்.

கார்டு டெஸ்டுக்கு வருகிறேன். அது ஒட்டுண்ணியைப் பார்ப்பதில்லை, ஒட்டுண்ணி விடும் புரதத்தைப் பிடிக்கிறது. பால்சிபாரத்துக்கு ஹெச்.ஆர்.பி.-2 என்ற புரதம், வைவாக்ஸுக்குப் பெரும்பாலும் எல்.டி.ஹெச். என்ற நொதி. கிராமத்திலும் மலையிலும் மைக்ராஸ்கோப் இல்லாத இடத்தில் இது பெரிய வரம். கால் மணி நேரத்தில் பதில் வந்துவிடும். ஆனால் மைக்ரோலிட்டருக்கு நூறு, இருநூறுக்குக் கீழே போனால் இது தடுமாறும், வைவாக்ஸில் இன்னும் அதிகமாக. அதனால் ஸ்மியர் நெகட்டிவ், கார்டும் நெகட்டிவ், ஆக இரண்டு சாட்சி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒட்டுண்ணி குறைவாக இருந்தால் இரண்டும் ஒரே காரணத்தால் தவறும். பெரு, எரித்திரியா போன்ற நாடுகளில் அந்த ஹெச்.ஆர்.பி.-2 மரபணுவையே இழந்த பால்சிபாரம் பரவி, கார்டுக்குச் சிக்காமல் திரிகிறது. நேர்மாறாக, மருந்து சாப்பிட்டு ஒட்டுண்ணி செத்த பிறகும் அந்தப் புரதம் சில வாரம் ரத்தத்தில் நிற்கும். குணமானதா என்று பார்க்க அந்தக் கார்டு உதவாது.

கியூ.பி.சி. எப்படிப் பிடித்தது? அதில் ஒரு நுண்குழாயில் ஐம்பது, அறுபது மைக்ரோலிட்டர் ரத்தத்தை எடுத்து, ஆக்ரிடின் ஆரஞ்சு என்ற ஒளிரும் சாயத்தோடு வேகமாகச் சுழற்றுவார்கள். ஒட்டுண்ணி உள்ள சிவப்பணு எடை குறைந்து வெள்ளையணு அடுக்குக்குப் பக்கத்தில் வந்து கூடும். ஒளிரும் மைக்ராஸ்கோப்பில் இருட்டில் நட்சத்திரம் மாதிரி தெரியும். நான் கால் மைக்ரோலிட்டரில் தேடுவதை அவர்கள் அறுபதில் தேடுகிறார்கள். அதனால் உங்கள் இரண்டாவது ரிப்போர்ட்டை நம்பலாம் என்பதே என் எண்ணம், அதுவும் ஐந்தாம் நாள் என்பதால். ஒரு குறை உண்டு. இருக்கிறது என்று நன்றாகச் சொல்லும், எந்த வகை, எவ்வளவு என்று சொல்வதில் கியூ.பி.சி. பலவீனம். ஒட்டுண்ணி எந்த வகை என்பதைப் பொறுத்து மருந்து மாறும். அதனால் ஒரு தடித்த, மெல்லிய ஸ்மியர் போட்டு வகையையும் எண்ணிக்கையையும் எழுதித் தரச் சொல்லுங்கள். மருந்தின் முதல் மாத்திரைக்கு முன் ரத்தம் எடுத்திருந்தால் நல்லது. தொடங்கிவிட்டால் அதற்காக மருந்தை நிறுத்த வேண்டாம்.

இங்கே உறுதியாகச் சொல்ல முடியாத ஒன்று. நடுவில் டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. அதற்கு மலேரியாவை மெதுவாக அமுக்கும் குணம் உண்டு. ஸ்மியரில் எண்ணிக்கை குறைய அதுவும் காரணமாகலாம், ஆகாமலும் இருக்கலாம். டாக்டரிடம் எல்லா மாத்திரைச் சீட்டையும் காட்டுங்கள். பிளேட்லெட் குறைந்தது டெங்குவால்தான் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. மலேரியாவில் பிளேட்லெட் குறைவது மிகச் சாதாரணம். இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் வருவதும் உண்டு.

இன்னொன்று என்னைக் கவலைப்பட வைக்கிறது. மலேரியா குறையக் குறைய அதைக் கண்டுபிடிக்கும் கண்ணும் குறைகிறது. முன்பு மழைக்காலத்தில் வாரத்துக்குப் பத்து பாசிட்டிவ் பார்ப்போம். இப்போது சேரும் பிள்ளைகள் மாதக்கணக்கில் ஒன்றுகூடப் பார்ப்பதில்லை. இலங்கையைப் பாருங்கள். 1963-ல் வெறும் 17 பேருக்குத்தான் மலேரியா என்ற நிலைக்கு வந்தார்கள், கவனம் தளர்ந்தது, அதே பத்தாண்டு முடிவதற்குள் லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. பிறகு மறுபடி பாடுபட்டு, 2012-க்குப் பிறகு உள்ளூர்த் தொற்று இல்லாமல் செய்து, 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றார்கள். இப்போது அங்கே வருவது வெளிநாட்டிலிருந்து திரும்புபவர்கள் கொண்டுவருவது. அந்த ஒருவரின் ஸ்லைடு வரும் நாளுக்காக டெக்னீஷியன்களின் கண்ணைப் பழக்கத்தில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. நம் லேப்களும் பழைய பாசிட்டிவ் ஸ்லைடுகளைப் பத்திரப்படுத்தி, புதிதாக வருபவர்களுக்கு மாதம் ஒருமுறையாவது காட்ட வேண்டும்.

பி.சி.ஆர். என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். அது ஒட்டுண்ணியின் மரபணுவையே பெருக்கிப் பார்ப்பதால் மைக்ரோலிட்டருக்கு ஒன்றுக்கும் கீழே பிடிக்கும். ஆனால் எல்லா இடத்திலும் கிடைக்காது, பதில் வர நேரமாகும். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு மறுநாள் இன்னொரு ஸ்மியர்தான் கைக்கு எட்டும் வழி.

வைவாக்ஸ் என்று உறுதியானால் மூன்று நாள் குளோரோகுயினில் காய்ச்சல் போய்விடும், பையன் விளையாடப் போய்விடுவான். அதோடு விட்டுவிடாதீர்கள். கல்லீரலில் சில ஒட்டுண்ணி தூங்கிக்கொண்டிருக்கும், ரத்தப் பரிசோதனை எதிலும் அது தெரியாது. அதைக் கொல்லத்தான் 14 நாள் பிரைமாகுயின் கொடுப்பார்கள். அதற்கு முன் ஜி6பி.டி. என்ற நொதிக்கான பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அந்த நொதி குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு பிரைமாகுயின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். எங்கள் லேபுக்கு ‘மறுபடியும் மலேரியா’ என்று வந்த பலர், நடுவில் மாத்திரையை நிறுத்தியவர்கள்.

முதல் லேப் பற்றி நீங்கள் கேட்டதற்கு ஒரே ஒரு வழியில்தான் விடை கிடைக்கும். அந்த ஸ்லைடு இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். நல்ல லேப்கள் சில நாளாவது வைத்திருக்கும். சண்டை போடாமல், வேறொருவர் மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். அதில் தடித்த தடவல் இருக்கிறதா, ரத்தம் எடுத்த நேரமும் தடவிய நேரமும் என்ன, எத்தனை களம் பார்த்தார்கள் என்ற மூன்றையும் கேளுங்கள். தடித்த தடவல் இருந்து, அனுபவமுள்ள கண் இருநூறு களம் பார்த்தும் ஒன்றும் இல்லையென்றால் அவர்கள் மேல் தவறில்லை, இரண்டாம் நாள் ரத்தத்தில் பிடிபடும் அளவுக்கு இல்லை, அவ்வளவுதான். தடித்த தடவலே போடவில்லை என்றால் உங்கள் கோபம் நியாயம். எதுவானாலும் இரண்டாவது லேபின் ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பார்த்து மருந்தை இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள். ஸ்லைடு நாளைக்கும் இருக்கும்.